முடிவையும் முதற்பக்கத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த கிழமை உங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்தில், அரச அலுவலகம் ஒன்றின் களஞ்சியப் பொறுப்பாளர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்ட செய்தி வந்திருந்தது. தலைப்பில் இருந்த ‘மோசடி செய்த’ என்ற இரண்டு சொற்களில் என் கண் நின்றுவிட்டது. ஆரம்ப விசாரணை இனிமேல்தான் நடக்கும் என்று அதே செய்தியின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விசாரணை இனிமேல்தான் என்றால் தலைப்பில் ‘செய்த’ எப்படி வந்தது? ‘செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட’ என்று போட இடம் காணாது என்பீர்கள். உண்மைதான், காணாது. ஆனால் அந்தச் சுருக்கத்துக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். 1999இல் நானும் ஒரு களஞ்சியப் பொறுப்பாளர்.

அப்போது யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை யுத்தத்தால் பூட்டு. சீமெந்து கப்பலில் வரவேண்டும். வந்தாலும் தங்கம் மாதிரி. எங்கள் களஞ்சியத்தின் அஸ்பெஸ்டஸ் கூரையில் ஷெல் சன்னம் பட்ட ஓட்டைகள் இருந்தன. கார்த்திகை மழையில் கீழடுக்குப் பைகள் ஈரம் குடித்து இறுகிப்போய்விட்டன. மேலதிகாரி வந்து பார்த்தார். சப்பாத்துக் காலால் ஒரு பையைத் தட்டிப் பார்த்தார். “இது இனி எதுக்கு? பின்னுக்குக் கிடக்கிற பள்ளத்துக்குள்ள போட்டு நிரவிவிடும்” என்றார். நானும் இரண்டு தொழிலாளர்களும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டோம். இதைப்பற்றி ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதி வைக்கவில்லை. தை மாதம் பொருட்கணக்கெடுப்புக்கு வந்தார்கள். இருப்புப் புத்தகத்தில் 212 பை. எண்ணிப் பார்த்தால் 169. 43 பையைக் காணவில்லை.

புத்தகம் எழுதியவன் நான். கையெழுத்து என்னுடையது. திறப்பும் என்னிடம். மேலதிகாரி அதற்குள் இடமாற்றம் கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். என்னை இடைநிறுத்தினார்கள். ஒரு பத்திரிகையில் ஆறு வரிச் செய்தி வந்தது. பெயர் போடவில்லை, ஆனால் அலுவலகத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது போதும். அந்த நேரம் எங்கள் வீட்டுக் குசினி ஓலைக் கொட்டில். அப்படியிருந்தும் சீமெந்து வித்துக் கொழும்பில் வீடு வாங்கிவிட்டேன் என்று கதைத்தார்கள். மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ரியூற்றரியில் ஒரு பிள்ளை “உங்கட அப்பா சீமெந்து வித்தவராமே” என்று கேட்டிருக்கிறாள். மகள் இரண்டு நாள் ரியூசனுக்குப் போகவில்லை. காரணத்தை என்னிடம் சொல்லவில்லை, தாயிடம்தான் சொன்னாள்.

பதினான்கு மாதம் இப்படியே கழிந்தது. பிறகுதான் முறைப்படியான ஒழுக்காற்று விசாரணை. அரச ஊழியருக்கான விதிப்புத்தகமான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில், ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிச் சொல்லும் 48ஆம் அத்தியாயத்தை அரச சேவையில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். தலைக்கு மேலே வரும்வரைக்கும் யாரும் வாசிப்பதில்லை, நானும் வாசித்ததில்லை. குற்றப்பத்திரத்தில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. 43 பையைக் கையாடியது. இருப்புப் புத்தகத்தில் பொய்ப் பதிவு வைத்திருந்தது. இழப்பு ஏற்பட்டதை உரியபடி அறிவிக்காமல் விட்டது. எந்த ஆவணங்களை வைத்து, எந்தச் சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்கப் போகிறார்கள் என்ற பட்டியலும் கூடவே வந்தது. அந்த ஆவணங்களைப் போய்ப் பார்க்க எனக்கு உரிமை உண்டு என்பதையே அப்போதுதான் அறிந்தேன்.

என் பக்கம் பேச வந்து நின்றவர் ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். முதல் நாள் முழுக்க ஒன்றும் பேசாமல் இருந்தார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. இரண்டாம் நாள் எழும்பி ஒரேயொரு கோரிக்கை வைத்தார்: “ஐயா, அந்தப் பள்ளத்தை ஒருக்கா வெட்டிப் பார்ப்பம்.”

விசாரணை அதிகாரி மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தானே வந்து நின்றார். முதல் அரையடி வெறும் மண். பிறகு மண்வெட்டி ‘ணங்’ என்றது. கிளப்பி எடுத்தால் தலையணை மாதிரி ஒரு கட்டி. கடதாசிப் பை உக்கிப்போய்விட்டது. ஆனால் பையின் மடிப்பும் வாய்த் தையலும் கட்டியின்மேல் அச்சுக் குத்தியது போல அப்படியே பதிந்திருந்தன. விசாரணை அதிகாரி குனிந்து அந்தத் தையல் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அந்த விரல் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னேரம் வரைக்கும் வெட்டினார்கள். உடைந்த கட்டிகளையும் பொருத்திப் பார்த்து எண்ணியதில் 38 வந்தது.

முதலிரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவது நிரூபிக்கப்பட்டது. கணக்கில் வராத ஐந்து பையின் பெறுமதியை என் சம்பளத்தில் கழித்தார்கள், ஒரு சம்பள ஏற்றத்தையும் பிற்போட்டார்கள். அது நியாயமான முடிவு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அரச சொத்துக்கு இழப்பு வந்தால் ஏழு நாளுக்குள் முதல் அறிக்கை, மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை என்று நிதிப்பிரமாணம் 104 சொல்கிறது. அந்த ஏழு நாளில் ஒரு தாளில் நாலு வரி எழுதி மேலே அனுப்பியிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. அது என் பிழை. களவு என் பிழை அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. வாயால் உத்தரவு தந்தவர் ‘ஞாபகம் இல்லை’ என்று எழுத்தில் பதில் அனுப்பினார், அவர்மீது ஒரு நடவடிக்கையும் இல்லை. அது மட்டும் இன்றுவரைக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆறு வரிச் செய்தி போட்ட பத்திரிகையில் இந்த முடிவு ஒரு வரியாகக்கூட வரவில்லை. 2011இல் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மெல்லமாக ‘அந்தச் சீமெந்து விஷயம்’ என்று தொடங்கினார். உள்ளே போய் அலுமாரியில் இருந்த முடிவுக் கடிதத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாகியும் ஊரின் காதில் நின்றது ‘இடைநிறுத்தம்’ என்ற ஒரு சொல்தான்.

ஓய்வுபெற்ற பிறகு நானும் என்னைப் போன்றவர்களின் விசாரணைகளுக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினேன். போன இடமெல்லாம் ஒன்றைக் கண்டேன். வந்து இருப்பவர் ‘நான் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பேன்’ என்றுதான் நடுங்கிக்கொண்டிருப்பார். அது அவருடைய வேலையே அல்ல. குற்றம் சொன்ன பக்கம்தான் அதை நிரூபிக்க வேண்டும். விசாரணை அறையிலும் இந்த விதி இருக்கிறது, வேலைநீக்க முறைப்பாடுகளைக் கேட்கும் தொழில் நியாய சபையிலும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் படலையடியில்தான் இல்லை.

தொழில் நியாய சபை என்றதும் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளையின் ஞாபகம் வருகிறது. நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் காசாளராக இருந்தவள். ஒருநாள் கணக்கு முடிக்கும்போது 18,500 ரூபாய் குறைந்தது. முகாமையாளர் “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். கடிதம் கேட்டதற்கு, கடிதம் வேண்டுமென்றால் பொலிசில் முறைப்பாடும் போடுவோம் என்றார்களாம். பிள்ளை பயந்து வீட்டில் இருந்துவிட்டாள். தாயும் மகளும் என்னிடம் வந்தபோது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

“ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சும்மா இருந்தனீ?”

“திருப்பிக் கூப்பிடுவினம் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான் மாமா.”

வேலையை நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போடவேண்டும். அவள் வந்தபோது அந்தக் கதவு சாத்தியாயிற்று. இதை வாசிக்கிற பெற்றோர் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. அந்தக் கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம் தெரியுமா? ‘நாங்கள்தான் நிறுத்தினோம்’ என்று தொழில்தருநர் ஒப்புக்கொண்டால், நிறுத்தியது நியாயம் என்று அவரே முதலில் சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டும். ‘நாங்கள் நிறுத்தவில்லை, அவவாக வராமல் விட்டவ’ என்று மாற்றிச் சொல்லிவிட்டால், நிறுத்தினார்கள் என்பதைத் தொழிலாளி முதலில் நிரூபிக்க வேண்டிவருகிறது. ஒரு தாள் இருந்தால் சுமை அந்தப் பக்கம், இல்லாவிட்டால் இந்தப் பக்கம். நிறுவனம் தனக்குள் நடத்திய விசாரணையில் என்ன முடிவு எடுத்தது என்பதும் அங்கே செல்லாது, நியாய சபை எல்லாவற்றையும் தானே புதிதாகக் கேட்கும். கடைசியில் கொடுக்கும் கட்டளை நீதியும் நியாயமுமானதாக இருக்க வேண்டும் என்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் வாசகம். அது தொழிலாளிக்கு மட்டும் சாய்வதல்ல, எல்லாத் தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்று 1969இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ தீர்ப்பளித்திருக்கிறார். அதையும் நான் ஏற்கிறேன். அந்தப் பிள்ளை எடுத்தாளா இல்லையா என்று எனக்கும் தெரியாது. என் கவலை, அதை யாரும் கேட்காமலே முடித்துவிட்டார்கள் என்பதுதான்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். போன வருடம் என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் தொடர்பான வழக்கில், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவையும் முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவையும் 2022 பெப்ரவரி 18 அன்று கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, 855 குற்றச்சாட்டுகளிலிருந்தும், எதிர்த்தரப்பைச் சாட்சி சொல்ல அழைக்காமலே விடுவித்தது. ஒரு வருடம்கூடப் போகவில்லை. 2023 ஜனவரி 12 அன்று, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதே இருவரையும் பொறுப்பாளிகள் என்று கண்டு, சொந்தப் பணத்திலிருந்து முறையே 5 கோடியும் 7.5 கோடியும் நட்டஈடு கட்டச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி. “மாமா, அப்ப எந்த நீதிமன்றம் சரி?” என்றான் அவன்.

இரண்டும் சரியாக இருக்க முடியும் என்று நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. இரண்டு இடத்திலும் கேட்ட கேள்வி வேறு. மேல் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கு. அங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே போவது ஒரு மனிதனின் சுதந்திரம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. தாக்குதல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தகவல் கிடைத்தும், காக்க வேண்டியவர்கள் காக்காமல் விட்டதால் மக்களின் உரிமை மீறப்பட்டதா என்பதே அங்கே கேள்வி. ‘கொலைகாரனா’ என்பதும் ‘கடமையைச் செய்தாயா’ என்பதும் ஒரே கேள்வி இல்லையே. வேலைத்தலத்திலும் இப்படித்தான். வேலையில் நடந்த களவுக்குக்கூடத் தொழில் நியாய சபையில் குற்றவியல் வழக்கின் அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்கக் கூடுதல் சாத்தியம் என்று காட்டினால் போதும் என்று 1975இல் அசோசியேட்டட் பற்றரி மனுபக்சரர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால்தான் நீதவான் நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவர் வேலையைத் திரும்பப் பெறாமல் போகலாம். ‘நீதிமன்றமே விட்டிட்டுது, இவை யார்?’ என்று கேட்பதும் பிழை. ‘வேலையிலிருந்து தூக்கினவை, அப்ப கள்ளன்தான்’ என்பதும் பிழை.

வேலி வழக்குகளிலும் இதையே காண்கிறேன். நாலு கதியால் தள்ளி நட்டதற்காக ஆரம்ப நீதிமன்றத்தில் 66ஆம் பிரிவில் வழக்கு வரும். கட்டளை கிடைத்த அன்றே ‘காணி அவருக்கு எண்டு நீதிமன்றம் சொல்லிப்போட்டுது’ என்று ஊரெல்லாம் பரவும். அங்கே பார்ப்பது வழக்கு வந்த நாளில் யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றினார்களா என்பதுதான். காணி யாருடையது என்பதை மாவட்ட நீதிமன்றம்தான் பிறகு தீர்மானிக்கும்.

இதை எழுதும்போது 2015 மே 20 நினைவுக்கு வராமல் இல்லை. புங்குடுதீவு மாணவியின் கொலையால் எல்லோருடைய நெஞ்சும் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. என் நெஞ்சும் எரிந்தது. அன்று யாழ் நீதிமன்றக் கட்டடத் தொகுதிக்குக் கல்லெறி விழுந்தது. சந்தேகநபர்களைத் தங்கள் கையில் தரச் சொன்னவர்களை நான் நேரில் கண்டேன், அவர்களில் எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்களும் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2017 செப்டெம்பரில், இதே யாழ்ப்பாணத்தில் மூன்று தமிழ் நீதிபதிகள் இருந்து தீர்ப்பளித்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர் விடுவிக்கப்பட்டார்கள். அன்று கூட்டத்தின் கையில் கொடுத்திருந்தால் அந்த இரண்டு பேருக்கும் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் வாசகர்கள் ஒருதரம் யோசிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, செய்தியைப் போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. பொதுப்பணத்தைத் தின்றவனை ஊர் அறியத்தான் வேண்டும். ‘செய்த’ என்ற சொல்லை முடிவு வந்த பிறகு போடுங்கள். சந்தேகநபரைக் குற்றவாளி என்று எழுதாதீர்கள். ஒருவர் விடுவிக்கப்பட்டார் அல்லது பொறுப்பாளியாகக் காணப்பட்டார் என்று எழுதும்போது, எந்த இடத்தில், எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் நிருபர்களிடம் ஒரு கொப்பி இருக்கட்டும். முதற்பக்கத்தில் வந்த இடைநிறுத்தம் எல்லாவற்றையும் திகதியோடு அதில் குறித்துவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருதடவை அந்த அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுத்து ‘அந்த விசாரணை என்னவாயிற்று’ என்று கேட்கச் சொல்லுங்கள். விசாரணை இழுபடுவதற்கு யாரும் கேட்காததும் ஒரு காரணம். என் பதினான்கு மாதத்தில் ஒருவராவது கேட்டிருந்தால் அந்தப் பள்ளத்தை எட்டு மாதத்துக்கு முந்தியே வெட்டியிருப்பார்கள். முடிவு வரும் நாளில், அது எதுவானாலும், அதே முதற்பக்கத்தில் அதே எழுத்தளவில் போடுங்கள். எடுத்திருந்தால் எடுத்தார் என்றும் போடுங்கள்.

கடந்த கிழமை செய்தியில் வந்த அந்தக் களஞ்சியப் பொறுப்பாளர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் இதை வாசிக்க நேர்ந்தால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தம்பி, குற்றப்பத்திரம் வந்தவுடன் அவசரப்பட்டுப் பதில் எழுதாதேயும். கூட வரும் ஆவணப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் கண்ணால் பாரும். இருப்புப் புத்தகத்தின் போட்டோப் பிரதியை எழுத்தில் கேளும். யாராவது வாயால் உத்தரவு தந்திருந்தால், தந்த நாள், இடம், அப்போது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையும். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமென்றால் ஆசிரியரிடம் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்,
கோண்டாவில்.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தரப்பட்டுள்ளன)